செவ்வாய்க் கிரகத்தைச் சைவமாக்கிய கதை

வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுவிடும், வாத்தியார் விடமாட்டார். வீட்டுக்கு வந்ததும் எதிரே யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் வகுப்பு. எங்கள் வீட்டில் எதிரே இருந்தது நான். கையில் முறம் இருக்கும், அடுப்பில் உலை கொதிக்கும், காதை மட்டும் கழற்றி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான் (எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அது போதாதா). கல்யாணத்துக்கு அப்புறம் படித்ததுதான் அதிகம். மழை எப்படிப் பெய்கிறது, இடி ஏன் பிந்திக் கேட்கிறது, எல்லாம் பருப்புக் கடைந்துகொண்டே கேட்டவை.

அப்படிக் கேட்ட பாடம் ஒன்றில்தான் நான் ஒரு கிரகத்தையே அழித்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு வகுப்புப் பையன்களும் ஒரு இன்ஸ்பெக்டரும் சாட்சி. தப்பு உன் பேரில்தான் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். இன்றைக்கு வரைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. தென்காசிக் கோபுரம் இரண்டாகப் பிளந்து மொட்டையாக நின்ற காலம். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் போர்டு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார். தற்காலிகம் என்ற சொல்லை மட்டும் அவர் குரலை இறக்கித்தான் சொல்வார், என்னமோ சீக்கு மாதிரி. அந்த வருஷம் குற்றாலச் சீசன் முடிவதற்குள் வேலையை நிரந்தரம் பண்ணினால் தென்காசி. பண்ணாவிட்டால் ஆலங்குளம்.

ஆலங்குளத்தில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். அங்கே என் மாமியார் இருந்தார்.

என் அத்தையைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னால் அவருக்குக் கேட்டுவிடும், அப்பேர்ப்பட்ட காது. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். நெல்லுக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, கருப்பட்டி அறைக்கு ஒன்று. நடந்து வந்தால் கோயில் யானை வருகிற மாதிரி சத்தம் முன்னால் வரும். அந்த வீட்டில் ஒரு துண்டு கருப்பட்டி வேண்டும் என்றால், முதலில் சாவியைக் கேட்க வேண்டும், பிறகு காரணத்தைச் சொல்ல வேண்டும், கடைசியில் அத்தை வந்து திறந்து, தன் கையாலே உடைத்து, பெரிய துண்டை உள்ளே வைத்துவிட்டுச் சின்னத் துண்டைத் தருவார். கல்யாணமான புதிதில் கொஞ்ச காலம் நான் அங்கே இருந்து பார்த்தவள். தென்காசியில் என் கருப்பட்டி என் பானையில் இருந்தது. மூடியை எடுத்தால் கருப்பட்டி. வாழ்க்கையில் நான் பெரிதாக வேறொன்றும் கேட்கவில்லை.

அத்தைக்கோ மகன் ஆலங்குளத்துக்கே வந்துவிட வேண்டும். அவருடைய தம்பி அங்கே மிளகாய் மண்டி வைத்திருந்தார். "வாத்தியார் வேல போனா என்னலே, மாமன் கடைல உக்காந்து மிளகா நிறுத்துப் போடு," என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். வந்தது சாரலுக்கு. சாரல் விழுந்தால் சொந்தக்காரர்களுக்குத் தென்காசியில் இருக்கிற நம்முடைய ஞாபகம் தானாக வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் என் வீட்டுக்காரர் தலையெல்லாம் நனைந்து, கையில் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையோடு வந்தார். பத்திரிகை நனையவில்லை. சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"உலகு," என்றார். (என் பேர் உலகம்மாள். அம்மன் பேர்.) "செவ்வாய்க் கிரகத்துல உயிர் இருந்தாலும் இருக்கும்னு போட்டிருக்கான்."

"நம்ம ஜாதகத்துலதான் இருக்கே, பத்தாதா?" என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் செவ்வாய் தோஷம். எனக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை, அவருக்குப் பெண் கிடைக்கவில்லை, மிச்சம் இருந்த இரண்டையும் பிடித்துச் சேர்த்து வைத்தார்கள். அதனால் செவ்வாய் என்றால் எங்களுக்கு எங்கேயோ இருக்கிற கிரகம் இல்லை, கல்யாணத் தரகர் மாதிரி.

உள்ளே அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அத்தையின் குரல் வந்தது. "ஏலே சங்கரா, அது ஜாதகத்துல கெடக்கதே போதும். வீட்டுக்குள்ள வேற கூட்டியாராத."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. குற்றாலத்தில் ஒரு பங்களாவில் பெரிய இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு சீசனுக்கு வந்து தங்கியிருக்கிறார், தற்காலிக வாத்தியார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வகுப்புப் பையன்களோடு அங்கேயே வந்து ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், அவர் சரி என்றால் சரி. சனிக்கிழமை காலை இவருடைய முறை. மற்ற வாத்தியார்கள் பசு, புல், புலி என்று நடத்துவார்கள். இவர் செவ்வாயில் நடத்தப் போகிறார்.

"பசு என்ன தின்னும்னு கேட்டா, பையன் யோசிக்காமலே புல்லுனு சொல்லிட்டுத் தூங்கிருதான்," என்றார். "பாக்காத ஊர்னு வையி, யோசிச்சுத்தானே ஆவணும்? அங்கன முளைக்கது என்ன, அத மேயுதது எது, மேயுததத் தின்னுதது எது, செத்தா என்னாவுது, எல்லாத்தையும் அவனுவளே கட்டணும்."

நல்ல யோசனைதான். அப்போது எனக்கும் அப்படித்தான் பட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நாங்கள் இரண்டு பேருமாக ஒரு கிரகத்தை உண்டாக்கிவிட்டோம். தரையெல்லாம் படர்கிற செம்பாசி. அதை மேய்கிற மூணுகாலி. பாறையில் தலைகீழாகத் தொங்கி, பாசியையும் தின்று, கீழே போகிற சின்னப் பூச்சியையும் பிடித்துத் தின்கிற தொங்கட்டான். செத்தது எல்லாவற்றையும் தின்று மண்ணாக்குகிற குப்பைத்தின்னி, அதன் குட்டிதான் அந்தப் பூச்சி. மூணுகாலியையும் தொங்கட்டானையும் சேர்த்துப் பிடித்து விழுங்குகிற பெரிய மிருகம் முழுங்கி.

"இது சங்கிலியாக்கும்?" என்று கேட்டேன்.

"சங்கிலி இல்லட்டி. வலை."

"மீன் பிடிக்க வலையா?"

எங்கள் வீடு சைவம். முட்டைக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மீன் என்ற சொல்லை நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேனே என்று அத்தை உள்ளேயிருந்து கனைத்தார்.

"சிலந்தி வலைன்னு வச்சுக்கோ. ஒரு இழையத் தொட்டா எல்லா இழையும் ஆடும்லா. அதான் பாடமே."

"அது சரி, மூணுகாலிய எதுக்கு முழுங்கணும்? அது யாருக்கு என்ன செஞ்சுது? அது பாட்டுக்குப் பாசிய மேஞ்சுட்டுக் கெடக்கு."

"முழுங்கலன்னா மூணுகாலி பெருகிரும். பெருகுனா பாசி பூராத்தையும் மேஞ்சிரும். பாசி போச்சுன்னா அதுவும் பட்டினி, மத்ததும் பட்டினி."

"முழுங்கிக்கு வேற எதையாவது குடுங்களேன். உங்க அம்மா வந்ததுலருந்து ஒரு காயில நாலு கறி வச்சு நான் சமாளிக்கலையா?"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நீ வகுப்புல இருந்திருந்தா உன்ன வெளிய நிறுத்திருப்பேன்."

(வகுப்பு நடந்தது என் அடுப்படியில். வெளியே நிற்க வேண்டியது யார்?)

இந்த மிருகங்களையெல்லாம் களிமண்ணில் செய்து கொடு என்றார். செய்தேன். ஆனால் அவர் பஞ்சாங்கத்தைப் பார்க்க மறந்துவிட்டார். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் துவைத்துப் போட்ட துணியே காயாது, களிமண் எங்கே காயும்? மறுநாள் காலையில் பார்த்தால் மூணுகாலிகள் எல்லாம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தன. தொங்கட்டான் கூடையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. முழுங்கி ஒரு சாணி உருண்டை.

அவர் முகம் தொங்கிப் போயிற்று. அந்த முகத்தில் எனக்கு ஆலங்குளம் தெரிந்தது. தூரத்தில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது (தூரத்தில் இல்லை, பக்கத்து அறையில்தான்).

"மாவுல செஞ்சு அவிச்சுருதேன்," என்றேன். "கொழுக்கட்டை மாதிரி. வெந்தா நிக்கும்."

இன்றைக்கும் சொல்கிறேன், அந்த யோசனைக்குக் கிரீடம் வைக்கலாம். பாசிக்குச் சிவப்பரிசி மாவு, தேங்காய்ப்பூ போட்டு உதிரியாக. மூணுகாலிக்குப் பச்சரிசி மாவு. தொங்கட்டானுக்குக் கருப்பட்டிப் பாகு விட்டுப் பிசைந்த கறுப்பு மாவு. முழுங்கிக்கு மஞ்சள் போட்ட மாவு, மிளகில் கண். குப்பைத்தின்னிக்கு மிச்சம் மீதி. அதோடு இன்னொன்றும் சொன்னேன்: "வயிறுன்னு இருந்தா உள்ள எதாவது இருக்கணும்லா. மூணுகாலி வயித்துல கொஞ்சம் பாசிய வச்சுருதேன்."

என் வீட்டுக்காரர் என்னை அன்றைக்குப் பார்த்த மாதிரி கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. "ஏட்டி, நீ என்ன சொல்லிருக்கேன்னு உனக்கே தெரியல. முழுங்கி வயித்துல ஒரு சின்ன மூணுகாலிய முழுசா வையி. இன்ஸ்பெக்டர் கையிலயே கத்தியக் குடுத்து அறுக்கச் சொல்லுதேன். உள்ள மூணுகாலி, அது வயித்துல பாசி. ஒரே வெட்டுல மொத்தப் பாடமும் முடிஞ்சுது. வேலையும் நிரந்தரமாச்சு."

சரி என்று தலையாட்டினேன். ஆட்டும்போது நல்ல மனசோடுதான் ஆட்டினேன்.

சனிக்கிழமை விடியுமுன்னே எழுந்து, குளித்து, நெற்றிக்கு இட்டு, அடுப்புப் பற்ற வைத்தேன். அத்தையும் வந்து உட்கார்ந்து தேங்காய் துருவினார். பாசி ஆயிற்று, தொங்கட்டான் ஆயிற்று, மூணுகாலிகள் வரிசையாக இட்டிலித் தட்டில் காலைப் பரப்பிக்கொண்டு நின்றன. முழுங்கிக்குச் சொப்பு மாதிரி குழித்து, வலது கையில் சின்ன மூணுகாலியை எடுத்தேன். அதற்கும் நான் மிளகில் கண் வைத்திருந்தேன். அது என்னைப் பார்த்தது.

என்னால் முடியவில்லை. ஒரு உயிரை இன்னொரு உயிருக்குள் வைத்து அவிக்கிறது என்றால் அதற்கு என்ன பேர்? மாவுதான், தெரியும். ஆனாலும் கை போகவில்லை.

"என்னட்டி முழிச்சிட்டு இருக்கே?" என்றார் அத்தை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தேங்காய் முறியைக் கீழே வைத்துவிட்டார். "என் மகன் வீட்டு அடுப்புல அசைவமா? வாத்தியார் உத்தியோகம் இதுக்குத்தானா? அந்தச் சவத்துக்கு வயித்துல பூரணத்த வைட்டி."

எங்கள் காலத்தில் அத்தையும் நானும் ஒரே மனசாக ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். என் பானையிலிருந்து நல்ல கருப்பட்டியாகப் பார்த்து எடுத்து உடைத்தேன். தேங்காய், கருப்பட்டி, ஏலம், ஒரு கை வறுத்த பாசிப்பருப்பு. முழுங்கியின் வயிறு நிறைய வைத்து மூடினேன். வெந்து வந்தபோது முகத்தில் ஒரு சாந்தம் இருந்தது. மீந்த பூரணத்தில் அத்தை சில சாதாரணக் கொழுக்கட்டைகளைப் பிடித்துத் தனியாக ஒரு வாழையிலையில் கட்டிக்கொண்டார், அருவியில் குளித்தபின் தனக்குப் பசிக்கும் என்று.

என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவர் வாசலில் பையன்களை வரிசையில் நிறுத்திச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் முழுங்கி முழுங்கி மாதிரித்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பையன்கள் நடந்தார்கள். நானும் அத்தையும் செவ்வாய்க் கிரகத்தை ஒரு ஓலைப்பெட்டியில் வைத்து மடியில் இருத்திக்கொண்டு மாட்டுவண்டியில் குற்றாலம் போனோம். வழியில் மேலகரம் தாண்டும்போதே மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. பெரிய அருவி இரைகிற சத்தம் வந்தது.

அங்கேதான் என் வீட்டுக்காரர் அவர் பங்குத் தப்பைப் பண்ணினார் (இதை யாரும் கதையில் சொல்வதில்லை). பையன்கள் காலெல்லாம் சேறு, இப்படியே எப்படி இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துவது என்று, எல்லாரையும் அருவியில் குளிக்கச் சொல்லிவிட்டார்.

அருவியில் குளித்தவன் பசியை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க முடியாது. தலையில் விழுகிற தண்ணீர் உள்ளே இறங்கி, முந்தின நாள் சாப்பிட்டதையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போய்விடும். அந்தப் பையன்களோ விடியுமுன்னே நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பினவர்கள். பல்லெல்லாம் தந்தி அடிக்க, கண்ணெல்லாம் சிவக்க, பங்களா வராந்தாவில் வட்டமாக வந்து உட்கார்ந்தபோது, ஓலைப்பெட்டியிலிருந்து வெந்த மாவும் ஏலமும் மணத்தது.

இன்ஸ்பெக்டரும் அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தலையில் துண்டு, பெரிய மீசை, பட்டணத்துப் பேச்சு. உள்ளே சமையல்காரர் இன்னும் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார். நானும் அத்தையும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம்.

என் வீட்டுக்காரர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். ஆளுக்கொரு மிருகத்தைக் கையில் கொடுத்தார். யாரை யார் தின்னும் என்று நூலைக் கட்டி இழுத்துப் பிடிக்கச் சொன்னார். வராந்தா முழுக்க நூல் வலை. இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்து பார்த்தார். எனக்குத் தென்காசி கையில் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"முத்தையா, உன் கைல என்ன?"

"மூணுகாலி சார்."

"அது என்ன தின்னும்?"

"செம்பாசி சார்."

"எப்படின்னு காட்டு."

நூலை இழுத்துக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் ஒத்திகை. ஆனால் முத்தையாவுக்கு அந்த நேரத்தில் நூல் கண்ணில் படவில்லை. பக்கத்துப் பையன் இலையில் இருந்த பாசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"சார், அவன் தின்னுட்டான்," என்றான் பாசிக்காரன், அழுகிற குரலில்.

"மூணுகாலி தின்னத்தானே செய்யும்," என்றான் முத்தையா, வாய் நிறைய. அதை யாரால் மறுக்க முடியும்? பாடமே அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். யாரும் முறை தப்பித் தின்னவில்லை. தொங்கட்டான் பையன் மிச்சப் பாசியையும் ஒரு குப்பைத்தின்னிக் குட்டியையும் தின்றான். மூணுகாலிப் பையன்கள் பாசி தீர்ந்துபோனதைப் பார்த்ததும், "பாசி இல்லன்னா நாங்க செத்துருவோம்லா சார்," என்று சொல்லி, தங்கள் கையில் இருந்த மூணுகாலியைத் தாங்களே தின்றார்கள். "செத்தது எல்லாம் எனக்குத்தான்," என்று ஒரு குப்பைத்தின்னிப் பையன் பாய்ந்தான். நூல் எல்லார் கழுத்திலும் சுற்றிக்கொண்டது. நாலு வாயில் ஒரு கிரகம் காலியாயிற்று. மிச்சம் இருந்தது முழுங்கி ஒன்றுதான். அதை வைத்திருந்த மைதீன் தங்கமான பையன், மடியில் மறைத்துக் காப்பாற்றிவிட்டான்.

என் வீட்டுக்காரர் கல்லாக நின்றார். ஆனால் இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பேஷ். செஞ்சு காட்டுற முறைன்னா இதான் சார். எந்தப் பையனும் தூங்கல பாருங்க."

என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்தது. மைதீனிடமிருந்து முழுங்கியை வாங்கி, தாம்பாளத்தில் வைத்து, கத்தியோடு நீட்டினார். "ஐயா, இதுதான் முழுங்கி. மூணுகாலியவும் தொங்கட்டானவும் புடிச்சுத் திங்கிறது. ஐயாவே வயித்த அறுத்துப் பாக்கணும். உள்ள அது தின்ன மூணுகாலி அப்படியே இருக்கும்."

தூணுக்குப் பின்னால் நான் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டேன். அத்தையைப் பார்த்தேன். அத்தை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அறுத்தார். குனிந்து பார்த்தார். முகர்ந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது தேங்காய்ப் பூரணம் இல்லையோ?"

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தூண் பக்கம் திரும்பினார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் அதிகாரி முன்னால் வாய் திறப்பதில்லை. ஆனால் அவர் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் நான் என்ன செய்ய?

"அது சைவங்கய்யா," என்றேன்.

இன்ஸ்பெக்டர் கத்தியைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரும்மா சைவம்?"

"முழுங்கி."

"அப்போ மூணுகாலியை யார் தின்னுவாங்க?"

"யாரும் திங்க வேண்டாமுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. பூரணத்தைக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு பையன்கள் பக்கம் திரும்பினார். "அம்மா சொல்றபடி முழுங்கி சைவமா மாறிடுச்சு. இனிமே செவ்வாயில என்ன நடக்கும்?"

பையன்கள் வயிறு கொஞ்சம் நிறைந்திருந்தது, மூளை வேலை செய்தது. எல்லாரும் சேர்ந்து என்மேல் விழுந்தார்கள்.

"மூணுகாலி பெருகிரும் சார்."

"பாசி பூராம் தீந்துரும்."

"முழுங்கியும் பாசிக்குத்தான வரும்? அது வயிறுதான் பெருசு. அதுவே பாதியத் தின்னுரும்."

"தொங்கட்டானுக்கும் பாசி கெடையாது சார். அதுவும் செத்துரும்."

"எல்லாம் செத்தா குப்பைத்தின்னிக்குக் கொண்டாட்டம் சார். பெறவு அதுக்கும் ஒண்ணும் இல்ல."

மைதீன் மட்டும் என்னைப் பாவமாகப் பார்த்தான். "அக்கா, நல்லா இருந்த ஊரக் கெடுத்துட்டியளே."

"கொஞ்சம் கூட ரெண்டு பாசி போட்டாப் போச்சு," என்றேன். பேசாமல் இருந்திருக்கலாம். வராந்தாவே சிரித்தது. சமையல்காரர் கூட உள்ளேயிருந்து வந்து நின்று சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஒரு பாறை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் அதற்குள் முழுங்கியின் பாதியைத் தின்றிருந்தார். பேச்சுவாக்கில் தின்றதுதான், அவருக்கே தெரியவில்லை. "கடைசிக் கேள்வி," என்றார். "முழுங்கியை யார் தின்னும்?"

"யாருமில்லைங்கய்யா, அதுதான் ஆகப் பெரிசு," என்றார் என் வீட்டுக்காரர், செத்த குரலில்.

முத்தையா கையைத் தூக்கினான். "நீங்கதான் சார் திங்கிறீங்க."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். பையன்களை என் வீட்டுக்காரர் வெளியே கூட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சத்தம் கேட்டது: சாவிக்கொத்து. எட்டிப் பார்த்தேன். அத்தை தன் வாழையிலைக் கட்டை அவிழ்த்து இன்ஸ்பெக்டர் முன்னால் பரப்பிவிட்டு, மரியாதையாகக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இதும் அதே பூரணம்தான், சாப்பிடுங்கய்யா. எங்க வீட்டுப் பக்குவம்," என்றார். (கருப்பட்டி யார் வீட்டுப் பானையில் இருந்தது என்று அவர் சொல்லவில்லை.) அப்புறம் குரல் தணிந்துவிட்டது. எனக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. ஒரே மகன். வயசாவுது. பெரிய வீடு பூட்டிக் கெடக்கு. இன்ஸ்பெக்டர் மென்றுகொண்டே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். என்னவோ ஊர்க்கதை பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். மேலகரத்துக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: "ஒரு மூணுகாலி, உலகு. ஒரே ஒரு மூணுகாலிய உள்ள வைக்க உனக்கு மனசு வரலையே."

"அதுக்குக் கண்ணு இருந்துச்சுங்க," என்றேன்.

சீசன் முடிந்து, அருவி நூலாகிப் போன சமயம், ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உலகு, நிரந்தரம் பண்ணிட்டாங்க. பையனுவ எல்லாரும் யோசிச்சுப் பதில் சொன்னானுவளாம், இப்படி ஒரு பாடம் பாத்ததே இல்லன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாராம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாருங்கள், என் முழுங்கி சைவமாக இல்லாவிட்டால் பையன்கள் எங்கே யோசித்திருப்பார்கள்? அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் பாதிச் சந்தோஷம்தான் இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எந்த ஊருல?" என்று கேட்டேன்.

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மாவுக்கு ஆதரவா இருக்கட்டும்னு இன்ஸ்பெக்டரே எரக்கப்பட்டு ஆலங்குளத்துல போட்டுட்டாராம்."

கருப்பட்டிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆலங்குளம் போனோம். வாசலில் அத்தை சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஒரு துண்டு கருப்பட்டிக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்தக் கதை மட்டும் எங்கள் வீட்டில் அழியவில்லை. இப்போதும் பிள்ளையார் சதுர்த்திக்கு இட்டிலித் தட்டில் மூன்று காலோடு ஒரு கொழுக்கட்டை நிற்கும். சின்னதுகளில் யாராவது கடைசிக் கொழுக்கட்டையை எடுத்துவிட்டால், "செவ்வா அழிஞ்சு போச்சு," என்று ஒரு சத்தம் வரும். உடனே என் மூத்த மகன், அவனும் வாத்தியார்தான், அப்பா மாதிரியே எழுந்து நின்று வகுப்பு எடுப்பான்.

"பாசிய யாரு தின்னா?"

"மூணுகாலி," என்று எல்லாரும் கத்துவார்கள்.

"மூணுகாலிய யாரு தின்னுருக்கணும்?"

"முழுங்கி."

"முழுங்கிய யாரு தின்னா?"

"இன்ஸ்பெக்டர்."

"இன்ஸ்பெக்டர யாரு தின்னா?"

"ஆலங்குளத்து ஆச்சி."

அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆலங்குளத்து ஆச்சியை யார் தின்றார்கள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம். சாவிக்கொத்து இப்போது என் இடுப்பில் இருக்கிறது.